இப்னு சீனாவும் மானிப்பாய் வைத்தியரும்

எமது மீலாத் மேடைகளில் ஒரு பேச்சு இருக்கிறது. ஊர் மாறும், பேச்சாளர் மாறுவார், பேச்சு மட்டும் மாறாது. ஐரோப்பா இருளில் கிடந்தபோது நாம் ஒளியில் இருந்தோம் என்று அது தொடங்கும். பின்னர் பெயர்கள் வரிசையாக வரும்: அல் ராஸி, இப்னு ஹைதம், அல் பிறூனி, இப்னு சீனா. இப்னு சீனா என்ற இடத்தில் குரல் ஓங்கும். அவருடைய ‘கானூன்’ ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக் கணக்கில் பாடநூலாக இருந்தது என்று சொல்லி ஒரு சோடா குடிப்பார். சபையில் தக்பீர் எழும். விழா மலரிலும் அதே கட்டுரை, அதே தலைப்பாகைப் படத்துடன் வரும். நாற்பது வருடங்களாக நான் இதைக் கேட்டும் வாசித்தும் வருகிறேன். இரண்டொரு மலரில் நானே எழுதியும் இருக்கிறேன், அந்தக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பேச்சில் பொய் இல்லை. டொலிடோ நகரில் 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெராட் அந்த நூலை லத்தீனுக்குக் கொண்டுபோனார். 1491இல் நேப்பிள்ஸில் அது ஹீப்ருவில் அச்சாயிற்று. 1593இல் றோம் நகரத்து அச்சகம் ஒன்று அறபு மூலத்தையே அச்சிட்டது. 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய மாணவர்கள் அதைப் படித்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகளை ஒருமுறை நிதானமாகத் திருப்பிப் பாருங்கள். உழைத்தவன் யார்? ஜெராட் உழைத்தான். ஹீப்ரு மொழிபெயர்ப்பாளன் உழைத்தான். றோமில் அறபு எழுத்துக்களை ஈயத்தில் வார்த்தவன் உழைத்தான். தக்பீர் சொன்ன நாம் என்ன செய்தோம்?

கேள்வியை இன்னும் நெருக்கமாகக் கேட்கிறேன். கானூனின் ஐந்து பாகங்களில் ஒரு பாகம், ஒரு பாகத்தில் ஓர் அத்தியாயம், எமது பள்ளிவாசல் நூலகங்களில், அறபு மத்ரஸாக்களில், எமது எழுத்தாளர்களின் வீட்டு அலுமாரிகளில் எங்காவது தமிழில் கிடக்கிறதா? கிடக்குமானால் கொண்டுவந்து காட்டுங்கள். அடுத்த இதழிலேயே இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். லக்னோவில் 19ஆம் நூற்றாண்டிலேயே அது உருதுவில் வந்துவிட்டது. எமக்கோ இப்னு சீனா ஒரு படம், ஒரு பெயர், பாடசாலையில் ஓர் இல்லத்தின் கொடி.

இந்த எண்ணம் எனக்கு வந்த இடம் பக்தாதோ புகாராவோ அல்ல, மானிப்பாய்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நாங்கள் இருந்த காலத்தில், கடுஞ்சுகவீனம் என்றால் வாப்பா சொல்லும் சொல் “மானிப்பாய்க்குக் கொண்டு போ” என்பதுதான். கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியைத்தான் அப்படிச் சொல்வார். என் தம்பி பிறந்தது அங்கேதான். உம்மாவைப் பார்க்கப் போன நாட்களில் அந்த நீண்ட விறாந்தையில் உட்கார்ந்து, ‘கிறீன்’ என்றால் பச்சை, ஆஸ்பத்திரிக்கு ஏன் பச்சைப் பெயர் என்று யோசித்திருக்கிறேன். அது ஒரு மனிதனின் பெயர் என்பதையும், அந்த மனிதன் என்ன செய்தான் என்பதையும் அறிய எனக்கு முப்பது வயதானது. 1990 ஒக்டோபர் 30இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டு, கையில் ஒரு பையுடன் புத்தளத்துக்கு வந்த பின்னர், ஒரு நண்பர் இரவல் தந்த கவிஞர் அம்பியின் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்ற 1967ஆம் ஆண்டு நூலில்தான் முழுக்கதையும் வாசித்தேன். என் ஊரைப் பற்றி, என் ஊரை இழந்த பிறகு.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறுவருடம் மானிப்பாயில் வைத்தியசாலையைத் தொடங்கினார். நோயாளரைப் பார்த்ததோடு நிற்காமல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். பின்னர் 1864 முதல் தமிழில். கற்பிக்கத் தமிழில் நூல் இல்லை என்றதும் நூல்களை ஆக்கப் புறப்பட்டார். 1867இல் ‘இரணவைத்தியம்’. 1872இல் கிறே என்பவரின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில். அதே ஆண்டில் ‘வைத்தியாகரம்’. 1875இல் இரசாயன நூலாகிய ‘கெமிஸ்தம்’. பிரசவ வைத்தியம், உடற்றொழிலியல், மருந்துப் பொருள்கள் என்று அவரும் அவருடைய தமிழ் மாணவர்களும் சேர்ந்து ஆக்கியவை ஆயிரக்கணக்கான பக்கங்கள். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் வூஸ்டரிலிருந்து கொண்டே தமிழ் அச்சுப் பிரதிகளைத் திருத்தினார். 1884இல் இறந்தார்.

சொற்களுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்ப வளைத்து எடுத்துக்கொள். ‘கெமிஸ்தம்’ அந்த மூன்றாவது வழியில் பிறந்த சொல். இன்று அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். சிரிக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால், தமிழ்ப் பிள்ளை ஒருவன் தன் மொழியில் இரசாயனம் படிக்க வேண்டும் என்ற ஒரு பிடிவாதம் இருந்தது.

மானிப்பாய்க்கு அந்தப் பிடிவாதம் கிறீனோடு வந்ததுமல்ல. அமெரிக்க மிசன் அச்சகம் இயங்கிய ஊர் அது. 58,500 சொற்களைக் கொண்ட ‘மானிப்பாய் அகராதி’ 1842இலேயே வெளிவந்துவிட்டது. அதாவது மருத்துவனுக்கு முன்னே அகராதி வந்தது. ஒழுங்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இங்கே ஒரு குரல் எழும் என்று எனக்குத் தெரியும். கிறீன் ஒரு மதம் பரப்ப வந்தவர், அவரை எங்கள் இப்னு சீனாவோடு ஒப்பிடுவதா? ஆம், அவர் மதம் பரப்பத்தான் வந்தார். அதை அவர் ஒளித்ததில்லை. மருந்துக் குளிசையோடு பைபிள் வசனமும் கொடுத்தவர் அவர். ஆனால் அறபு மருத்துவத்தின் அத்திவாரத்தையே ஒரு கிறிஸ்தவர்தான் போட்டார் என்பதை எமது மேடைகள் மறந்துவிடுகின்றன. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் கலீபாக்களின் ஆதரவில் கேலனின் நூல்களைக் கிரேக்கத்திலிருந்து சிரியாக்குக்கும் அறபுக்கும் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு நெஸ்தோரியக் கிறிஸ்தவர். அவர் அறபுக்குச் சொல் செய்து கொடுக்காவிட்டால் நூற்றைம்பது வருடம் கழித்துப் பிறந்த இப்னு சீனா எந்த மொழியில் கானூனை எழுதியிருப்பார்? பக்தாத்தின் ஹுனைனைப் புகழ்கிறவன் மானிப்பாயின் ஹுனைனைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது.

இனி இப்னு சீனாவுக்கு வருகிறேன். மலர்க் கட்டுரைகளில் இருக்கும் இப்னு சீனா அல்ல, தன் வாழ்க்கையைத் தன் மாணவர் ஜூஸ்ஜானிக்குச் சொன்ன இப்னு சீனா.

980இல் புகாராவுக்கு அருகே அப்ஷனா என்ற சிற்றூரில் பிறந்தார். பதினேழு வயதளவில் சாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்ஸூரின் நோய்க்கு வைத்தியம் பார்த்து, அதற்குச் சன்மானமாக அரண்மனை நூலகத்துக்குள் நுழைய அனுமதி பெற்றார். அரிஸ்டோட்டிலின் மெய்யியல் நூலை நாற்பது தடவை வாசித்தும் விளங்கவில்லை. கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய பாறாபியின் சிறுநூலில் அது விளங்கியது. சந்தோஷத்தில் ஏழைகளுக்குத் தர்மம் கொடுத்தார். பிறகு வாழ்நாள் முழுதும் ஓட்டம். ஜுர்ஜான், ரை, ஹமதான், இஸ்பஹான். ஹமதானில் பகலில் மந்திரி, இரவில் ஆசிரியர். படைவீரர்கள் வீட்டைச் சூறையாடிய நாளும் உண்டு, பர்தஜான் கோட்டையில் நாலு மாதம் சிறையிருந்த காலமும் உண்டு. 1037இல் ஹமதானில் மறைந்தார். கானூன் இப்படி ஓடி ஓடி எழுதப்பட்ட நூல். அகதி வாழ்க்கையில் எழுத்து எப்படி வரும் என்று கேட்கிற எமது நண்பர்களுக்காக இதைச் சொன்னேன். எனக்காகவும்தான்.

ஒரு பிரச்சினை விளங்காதபோது பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது துஆக் கேட்டேன், பிறகு வழி திறந்தது என்று அவர் சொல்லும் இடத்தை எல்லாப் பேச்சாளர்களும் எடுத்துக்காட்டுவார்கள். அடுத்த வசனத்திலேயே, இரவு விழித்துப் படிக்கும்போது தூக்கமோ களைப்போ வந்தால் ஒரு கோப்பை மது அருந்தித் தெம்பு பெற்றேன் என்று அவரே சொல்கிறார். இதை ஒருவரும் எடுத்துக்காட்டுவதில்லை. நான் இதை அவரைக் கீழிறக்கச் சொல்லவில்லை. ஒரு மனிதனின் வாக்குமூலத்தில் பாதியைக் கிழித்து மலரில் ஒட்டுவது எமக்குப் பழக்கமாகி விட்டது என்பதைச் சொல்கிறேன்.

பெரிய மறைப்பு அதுவல்ல. இமாம் கஸ்ஸாலி (றஹ்) 1095இல் முடித்த ‘தஹாபுதுல் பலாஸிபா’வில், பாறாபி, இப்னு சீனா வழியிலான தத்துவவாதிகளின் மூன்று கொள்கைகள் குப்ர் என்று தீர்ப்பளித்தார். உலகம் அநாதியானது என்பது. அல்லாஹ் தனித்தனிப் பொருள்களை அவற்றின் தனித்தன்மையில் அறிவதில்லை என்பது. மறுமையில் உடல் எழுப்பப்படாது என்பது. ஒரே மலரில் பதினாறாம் பக்கத்தில் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் கஸ்ஸாலி, இருபதாம் பக்கத்தில் இஸ்லாம் தந்த மேதை இப்னு சீனா. இரண்டு பக்கங்களுக்கும் இடையில் நடந்த அந்தப் பெரிய வழக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் பிள்ளைகள் இதை ஒரு நாள் வேறெங்காவது, எங்களை இகழ்கிற ஒருவனின் வாயால் கேட்பார்கள். அப்போது அவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

நான் கஸ்ஸாலியின் எதிராளியல்ல. இந்த வழக்கில் என் பக்கச் சாட்சியே கஸ்ஸாலிதான். ‘இஹ்யா’வின் முதல் நூலாகிய கல்வியைப் பற்றிய நூலில், மருத்துவம் பர்ளு கிபாயா என்கிறார். சமூகத்தில் சிலராவது அதைக் கற்காவிட்டால் எல்லோர் தலையிலும் குற்றம். அத்தோடு விடவில்லை. எத்தனை ஊர்களில் முஸ்லிம் அல்லாத வைத்தியர்களைத் தவிர வேறு வைத்தியர் இல்லை, ஆனாலும் எல்லோரும் பிக்ஹுச் சட்டங்களுக்கும் வாதங்களுக்கும் பின்னால்தான் ஓடுகிறார்கள் என்று மனம் நொந்து எழுதுகிறார். பதவிக்கும் வக்பு நிர்வாகத்துக்கும் வழி அங்கேதான் இருக்கிறது என்பதால் என்று காரணத்தையும் காட்டுகிறார். தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய இந்த முறைப்பாட்டை வாசித்தபோது எனக்கு மானிப்பாய் விறாந்தையில் உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற வாப்பா நினைவில் வந்தார். அவரிடம் தஸ்பீஹ் இருந்தது. வைத்தியம் கிறிஸ்தவ மிசனிடம் இருந்தது. அந்த வைத்தியத்தைத் தமிழாக்கும் உழைப்பும் அவர்களிடமே இருந்தது.

இதே கஸ்ஸாலி ‘அல் முன்கித்’தில், கணிதம் போன்ற நிரூபணமான அறிவை மறுத்துத்தான் மார்க்கத்தைக் காக்க வேண்டும் என்று நினைக்கிறவன் இஸ்லாத்தின் அறிவில்லாத நண்பன் என்கிறார். ஆகவே ‘இப்னு சீனா வழிதவறியவர், அவர் நூல் எமக்கு எதற்கு’ என்று இன்று சொல்கிற இளைய மௌலவிமார் கஸ்ஸாலியையும் ஒழுங்காக வாசிக்கவில்லை. மறுப்பதற்காகவேனும் கஸ்ஸாலி அந்தத் தத்துவங்களை முழுமையாகப் படித்தார். ‘மகாஸித்’ என்று அதற்குத் தனியாக ஒரு நூலே எழுதிவிட்டுத்தான் மறுத்தார். எமது மறுப்புக்காரர்கள் படிக்காமல் மறுக்கிறார்கள். எமது புகழ்ச்சிக்காரர்கள் படிக்காமல் புகழ்கிறார்கள். இதில் இருவரும் சகோதரர்கள்.

கெய்ரோவில் 1288இல் மறைந்த இப்னு நபீஸ் கானூனுக்கு உரை எழுதினார். இருதயத்தின் இரு அறைகளுக்கும் இடையிலான சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றினூடே இரத்தம் போகிறது என்ற கேலனின் கருத்தை, இப்னு சீனாவும் ஏற்றிருந்த கருத்தை, அந்த உரையிலேயே மறுத்தார். இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் மறுபக்கம் போகிறது என்று சொன்னார். வாரிசு என்றால் அவர் வாரிசு.

இப்னு சீனாவின் வாழ்வில் எமக்கு மிகவும் வேண்டிய ஒரு பக்கம் இருக்கிறது. அதை எந்த மலரிலும் நான் கண்டதில்லை. இஸ்பஹானில் அலாவுத் தௌலாவின் ஆதரவில் இருந்தபோது, அந்த மன்னருக்காக ‘தானிஷ் நாமா’ என்று ஒரு நூலைப் பாரசீகத்தில் எழுதினார். அக்கால அறிஞனுக்கு அறபுதான் மொழி. பாரசீகம் வீட்டில் பேசுவது, கவிதை பாடுவது. தர்க்கமும் மெய்யியலும் அதில் எழுத முடியாது என்பதே பொது நினைப்பு. அறபில் இத்தனை பெரிய நூல்களை எழுதிய மனிதர், தன் தாய்மொழியில் உட்கார்ந்து சொல் செய்தார். அறபில் ‘கம்’ என்றால் எத்தனை, அதிலிருந்து ‘கம்மிய்யா’, அளவு. ‘கைப்’ என்றால் எப்படி, அதிலிருந்து ‘கைபிய்யா’, தன்மை. பாரசீகத்தில் ‘சந்த்’ என்றால் எத்தனை, ‘சூன்’ என்றால் எப்படி. அவர் ‘சந்தீ’ என்றும் ‘சூனீ’ என்றும் எழுதினார். அன்று அதைக் கேட்டவர்களும் ‘கெமிஸ்தம்’ கேட்டது போலச் சிரித்திருப்பார்கள்.

தமிழில் இது முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். கிறீன் மானிப்பாயில் இருந்த அதே தசாப்தங்களில்தான் கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்தார். ஷாபிஈ மத்ஹபின் சட்டங்களை ‘மகானீ’ என்ற நூலில் அறபுத் தமிழில் பெண்களும் வாசிக்கத்தக்கதாக எழுதிவைத்தார். இலங்கைக்குப் பல தடவை வந்து போனவர். கண்டியில் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேச’னைத் தமிழில் நடத்தினார், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். எம்மிடம் மொழி இருந்தது, அச்சு இருந்தது, அறபு தெரிந்தவர்கள் இருந்தார்கள். வுளூவின் பர்ளுகளைத் தமிழாக்கத் தெரிந்த கை நாடி பார்ப்பதைத் தமிழாக்கவில்லை. அது இயலாமையல்ல, தெரிவு. யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவர் முகியித்தீன் ஆண்டகைக்குப் புராணம் பாடினார் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கறாமத்துக்களுக்குக் கிடைத்த தமிழ், கானூனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது அந்தப் புலவரை அவமதிப்பதாகாது.

காலாவதியான மருத்துவத்தைத் தமிழாக்கி என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி, பேராசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது. கானூனைப் பார்த்து இன்று யாரும் மருந்து கட்டச் சொல்லவில்லை. கிறீனின் நூல்களும்தான் காலாவதியாயின. அவருக்குப் பிறகு தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நிலைக்காமல் ஆங்கிலத்துக்குப் போனது. ஆனால் கிறீனை ஆராய்கிற ஒரு தமிழ் மாணவனுக்குப் பிடித்துக்கொள்ள நூல் இருக்கிறது. இப்னு சீனாவை ஆராய விரும்பும் எங்கள் பிள்ளைக்குப் பிடிக்க என்ன இருக்கிறது? சோடா குடித்த பேச்சாளரின் குரல்தான்.

பயன் வேறு விதத்திலும் இருக்கிறது. கானூனின் இரண்டாம் பாகம் ஏறத்தாழ எண்ணூறு தனிமருந்துகளின் பட்டியல். அதில் எங்கள் வளவு மரங்கள் நிற்கின்றன. ‘ஹலீலஜ்’ என்றால் கடுக்காய், ‘பலீலஜ்’ என்றால் தான்றிக்காய், ‘அம்லஜ்’ என்றால் நெல்லிக்காய். மூன்றும் சேர்ந்தால் திரிபலா. அது கப்பலேறிப் போய் ‘இத்ரீபல்’ ஆகி, யூனானி ஹக்கீமின் போத்தலில் எங்களிடமே திரும்பி வந்தது. அவருடைய நாலு கலப்புகளும் எமது சித்த வைத்தியரின் வாதம், பித்தம், கபமும் எங்கே சந்திக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று தமிழில் நின்று கேட்கக்கூடியவர்கள் உலகத்தில் நாங்கள்தான். அறபு ஓதத் தெரிந்த, நாட்டு மருந்துக் கடை தெரிந்த, தமிழ் எழுதத் தெரிந்த சனம் வேறு எங்கே இருக்கிறது?

சென்ற வருடம் நானும் கைதடியில் சித்த மருத்துவம் படித்த நண்பர் ஒருவரும், அறபு மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவியும் கூடி, அந்த ஒரேயொரு ‘ஹலீலஜ்’ பகுதியைத் தமிழாக்க உட்கார்ந்தோம். மானிப்பாயில் நண்பரின் வீட்டு விறாந்தை. அரைப் பக்கம்தான். மௌலவி வாசித்தார்: மஞ்சள் நிறத்தது முற்றாதது, கறுப்பு இந்தியக் கடுக்காய் நன்கு முற்றியது, காபூலி எல்லாவற்றிலும் பெரியது, சீனக் கடுக்காய் ஒன்றும் உண்டு. நண்பர் உடனே பேனாவை வைத்துவிட்டார். “எங்கட நூல்களில கடுக்காய் ஏழு சாதி. இவர் நாலுதான் சொல்றார். இதில எது எதுவெண்டு காயைக் கையில வைச்சுப் பார்க்காம எழுத ஏலாது” என்றார். மௌலவி, “அப்ப நாளைக்குக் காயோட வாங்க” என்றார்.

மறுநாள் பெரியகடை நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் கால் கிலோ வாங்கினோம். இன்னும் அந்த அரைப் பக்கம் முடியவில்லை.